ஆள் கிடைக்கலன்னு சொல்ற விவசாய சங்க அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ணே. எந்தக் கூட்டம் போட்டாலும் இதே பேச்சா இருக்கு, நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் வந்து சனங்க சோம்பேறி ஆயிட்டாங்க, நடவுக்கு ஆள் இல்ல, களை பறிக்க ஆள் இல்லன்னு. 2025 பிப்ரவரில எல் அண்ட் டி கட்டுமானக் கம்பெனி தலைவர் சுப்ரமணியனும் சென்னைல நடந்த மாநாட்டுல இதே மாதிரிதான், நலத்திட்டங்களால கட்டட வேலைக்கு ஆள் வர மாட்டேங்குதுன்னு பேசினாரு. நான் டெல்டாக்காரி, எங்க அம்மா இன்னும் நூறு நாள் வேலை அட்டைய எடுத்துக்கிட்டு வாய்க்கா வெட்டப் போறவங்க, அதனால உங்ககிட்ட நேராவே பேசிடறேன்.

2025-26க்கு நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாட்டுல 336 ரூபா, அதுவும் அளவு சரியா இருந்தாதான் முழுசா வரும். பேருதான் நூறு நாள், நூறும் பார்த்த குடும்பத்த எங்க ஊர்ல தேடணும். பதினஞ்சு நாள்ல சம்பளம் தரணும்னு சட்டம் இருந்தும் 2025 ஆரம்பத்துல மாசக்கணக்கா வரல, 4,034 கோடி பாக்கின்னு தமிழ்நாடு அரசு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மகளிர் உரிமைத்தொகை மாசம் 1000, பிரிச்சா நாளைக்கு முப்பத்துமூணு ரூபா. இத நம்பி யாருண்ணே வேலைய விட்டுட்டு உக்காருவா?

ஆளுங்க எங்க போனாங்கன்னு உங்களுக்கே தெரியும். பசங்க திருப்பூரு, சென்னை, சிங்கப்பூருன்னு போயிட்டாங்க. அறுப்புக்கு மெஷின் எறக்குனீங்க, நடவுக்கு மேற்கு வங்காளத்துல இருந்து ஆள் கூட்டிட்டு வந்து ஏக்கர் கணக்குல காண்ட்ராக்ட் விடுறீங்க, உங்க செலவுக்கு அது சரியா இருக்கலாம், தப்புன்னு சொல்ல வரல, ஆனா அறுப்புல கெடச்ச நெல்லும் கூலியும் போன பிறகு அந்தப் பொம்பளைங்க மீதி மாசத்த எப்படி ஓட்டுவாங்கன்னு எந்த சங்கமும் கேக்கல. நூறு நாள் வேலைக்கு வர்றவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கு மேல பொம்பளைங்கதான்.

அங்க ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே கூலி. வயல்ல அப்படியா குடுக்குறோம்? முன்னாடி கூலி பத்தலன்னாலும் அடுப்பு எரியணுமேன்னு வந்தே ஆகணும், இதே மண்ணுல 1968ல அரைப்படி நெல்லு கூடக் கேட்ட போராட்டத்துலதான் கீழ்வெண்மணில 44 பேர எரிச்சாங்க. இப்ப வீட்டுல அரிசி இருக்கு, அதனால இந்தக் கூலிக்கு வரலன்னு ஒரு பொம்பளை வாயத் தொறந்து சொல்ல முடியுது. நீங்க சோம்பேறித்தனம்னு சொல்றது இதத்தான்ணே, எனக்கு அது ரொம்ப வலிக்குது.

உங்களுக்கு பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம், 2021ல கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆச்சு, வருஷம் 6000 பிஎம் கிசான் வருது. அதனால நீங்க உழறத விட்டுட்டீங்களா? இல்லையே, அது இருக்கறதாலதான தாக்குப்பிடிக்கிறீங்க. உங்களுக்கு அது வேணும், நானும் உங்க பக்கம்தான். அதே நியாயம் கூலி வேலைக்குப் போற எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் மாறுது?

இப்ப நூறு நாள் வேலைக்குப் பதிலா மத்திய அரசு 2025 டிசம்பர்ல கொண்டுவந்த புது சட்டத்துல 125 நாள்னு சொல்லிட்டு, விதைப்பு அறுப்பு சமயத்துல மொத்தமா 60 நாள் வேலைய நிறுத்தி வைக்கணும்னு போட்டிருக்காங்க, செலவுலயும் 40 சதவீதம் மாநிலத்து தலைல. ஆள் கிடைக்கும்னு நீங்க சந்தோஷப்படலாம், ஆனா மெஷின் ஓடுற ஊர்ல அந்த 60 நாளும் வயல்லயும் வேலை இருக்காது, இந்தத் திட்டத்துலயும் இருக்காது.

அதனால கேக்கறது இதுதான். அந்த 60 நாள் எதுன்னு அதிகாரிங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி நம்ம கிராம சபைல கூலிக்காரங்களையும் உக்கார வச்சு பேசுங்க, வயல் கூலிய ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணா வச்சு வாய்விட்டு அறிவிங்க. கூலி ஏத்தறதுக்கு நெல்லு விலை பத்தலன்னா அதுக்கு நடத்துற போராட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்க, வர்றோம்.