கைத்தொழிற் புரட்சியை ஸ்டோரிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள தம்பி,

ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் புரட்சி படிப்பிக்கப் போகிறீர்கள். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினிலிருந்து தொடங்கவேண்டாம். அப்படித் தொடங்கினால் பிள்ளைகள் ஆண்டுகளை மனனம் செய்துவிட்டு, இது எங்கோ மான்செஸ்டரில் நடந்த சங்கதி என்று விட்டுவிடுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கேட்டு, பக்கத்துத் தோட்டத்தின் பழைய ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கூட்டிப்போங்கள். கொழுந்தைச் சுருட்டும் ரோலரில் வார்த்திருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ ஊர் மார்ஷல் கம்பெனியின் பெயர் இருக்கும். உலர்த்தும் மெஷினில் பெல்ஃபாஸ்டில் செய்த 'சிரோக்கோ' என்ற பெயர் இருக்கலாம். இந்த ஆண்டுகளையும் அங்கேயே சொல்லுங்கள்: ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867இல்தான் கண்டிக்கு ரயிலும் வந்தது. நானுஓயாவுக்கு அது 1885இல் ஏறியது.

அடுத்தது நேரம். கொழுந்தைக் கிள்ளியதுமே அது கெடத் தொடங்கும். சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவக்கும், நசுங்கினால் ஸ்டோருக்கு வருமுன்னே புளிக்கும், தேத்தண்ணியின் தரம் போய்விடும். அதனால்தான் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுவை, இரவெல்லாம் வாட்டும் தட்டுகளில் காற்று, விடியுமுன் ஸ்டோரில் ரோலர் சத்தம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சமையலையும், பிள்ளையைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விடும் வேளையையும் நிர்ணயிப்பது இந்தக் கொழுந்துதான்.

ஒரு கணக்கும் போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மா ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் 4 கிலோ தேயிலை. அந்த நாளுக்கு அவருக்குக் கிடைத்த கூலியையும் கடையில் 4 கிலோவின் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் முழுவதும் லாபம் என்று எழுத விடாதீர்கள். விறகு, மின்சாரம், உரம், போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான். நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதையும், குறித்த கிலோ வராவிட்டால் 'அரைப்பேர்' (அரைநாள் சம்பளம்) போடுவதையும் அவர்களே சொல்வார்கள்.

பாடப்புத்தகத்தோடு இங்கே பொருந்தாத ஓர் இடம் உண்டு. அங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கவேண்டும். மான்செஸ்டரில் மெஷின் நெசவாளியின் கைவேலையைப் பறித்தது. இங்கே மெஷின் ஸ்டோருக்குள் நின்றுவிட்டது, மலையில் பெண்களின் விரல்களே வேலை செய்தன. அங்கே கூலிக்காரன் ஆலை மாறலாம். இங்கே ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கடனும், அந்தக் கடனை எழுதிய விடுவிப்புச் சீட்டான 'துண்டு'ம் ஆளைக் கட்டிப்போட்டன. துண்டு முறையை 1921இல் சட்டம் தடுத்தது, ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையான காம்பரா வேலையோடு ஒட்டியே இருந்தது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் போனால் கூரையும் போகும் என்ற பயம்தான் இங்கே வர்க்கத்தை உறையவைத்தது என்பது என் உறுதியான கருத்து. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு நின்றவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையே போனது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் வந்தது. துரை, மலை வேலையைப் பார்க்கும் கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்ற ஏணி மட்டும் அசையவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானதுகூட 1984இல்தான்.

கடைசிப் பாடத்துக்குச் சம்பளத் துண்டுகள் போதும். எத்தனை 'பேர்' (வேலை நாள்), மேலதிகக் கிலோ, சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம், சங்கச் சந்தா, அட்வான்ஸ் என்று ஒவ்வொரு வரியும் யாருக்குப் போகிறது என்று பிள்ளைகள் குறிக்கட்டும். கொண்டுவருவதை யாருக்கும் கட்டாயமாக்கவேண்டாம். பெயரையும் செக்ரோல் இலக்கத்தையும் மறைத்துப் படியெடுத்த பிறகே வகுப்பில் கொடுங்கள். எந்த வீட்டில் எவ்வளவு கழிந்தது என்று அடுத்த பிள்ளைக்குத் தெரியக்கூடாது.

அன்புடன்,
அண்ணன்