வானைத் தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபோக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டர் வான்களைத் தாழ்த்துவது, அதாவது வானின் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பில், நான்கு சக்கரத்துக்கும் தாழ்ந்த ஸ்பிரிங் போட்டால் போதும், பழைய ஷொக்கே (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாயே) தாங்கும் என்ற கருத்து இருந்தது. பிரித்தானியாவில் நம்மவர் பலர் இந்த வானை வார நாளில் கடைச் சாமான் ஏற்றவும் வார இறுதியில் குடும்பத்தோடு போகவும் பாவிக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி ஒருவர் வேலையைத் தொடங்கினால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எந்த வான் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2003இல் வந்த டி5, 2015இல் வந்த டி6, 2019இல் வந்த டி6.1 ஆகிய மூன்றிலும் முன்னால் மக்பர்சன் ஸ்டரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகப் பூட்டிய தூண். பின்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கும் தனி இரும்புக் கை, அதன்மேல் சுருள் ஸ்பிரிங், ஷொக் தனியாக. இவற்றுக்கு முன் 1990 முதல் 2003 வரை ஓடிய டி4இன் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டோர்ஷன் பார்தான். டி4க்கு நான்கு ஸ்பிரிங் கொண்ட செட் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2012இல் வந்த ஃபோர்ட் ட்ரான்சிட் கஸ்டமில் பின்னால் இலை ஸ்பிரிங். அதைத் தாழ்த்தும் முறை முற்றிலும் வேறு. இனி நான் சொல்வதெல்லாம் டி5, டி6 வகைகளுக்கு.

தாழ்த்தும் அளவை முடிவு செய்யும் முன் எடையை முடிவு செய்ய வேண்டும். டி26, டி28, டி30, டி32 என்று இந்த வானின் பெயரோடு வரும் எண் மொத்த எடையைச் சொல்கிறது: 2.6 தொன், 2.8, 3.0, 3.2. ஒரே தோற்றமுள்ள இரண்டு வான்களில் தொழிற்சாலை ஸ்பிரிங்கே வேறாக இருக்கும். எந்த ஸ்பிரிங், எந்த ஷொக் போடப்பட்டன என்பதற்கான குறியெண்கள் வானில் ஒட்டியிருக்கும் தரவு ஸ்டிக்கரில் உள்ளன. அதைப் பார்க்காமல், வான் எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டு ஸ்பிரிங் விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வெறும் வானின் ஒரு பின்சக்கரத்தின்மேல் 350 கிலோ உடல் எடை, சக்கரத்தில் அளந்த ஸ்பிரிங் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 35 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் நிலையில் ஸ்பிரிங் சுமார் 98 மி.மீ. அமுங்கியிருக்கும். பின்அச்சின்மேல் 500 கிலோ சாமான் ஏற்றினால் சக்கரத்துக்கு 250 கிலோ. வான் இன்னும் 70 மி.மீ. இறங்கும். வெறும் வானில் சக்கரம் மேலே போகக்கூடிய தூரம் (மேல்நோக்கிய ஓட்டம்) 110 மி.மீ. இருந்தால், சுமையோடு 40 மி.மீ. மிஞ்சும். இப்போது அதே விறைப்புள்ள ஸ்பிரிங்கோடு 40 மி.மீ. தாழ்த்துங்கள். அதே சாமானை ஏற்றியதும் மிச்சம் பூச்சியம். வான் ஸ்பிரிங்கில் நிற்காது, சக்கரம் மேலே போவதை இறுதியில் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரில் நிற்கும். முப்பது வீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் 54 மி.மீ. இறங்கும், 16 மி.மீ. தான் மிஞ்சும். லண்டன் தெருக்களில் உள்ள வேகத்தடைகள் 1999ஆம் ஆண்டு விதிப்படி 25 முதல் 100 மி.மீ. வரை உயரமாக இருக்கலாம். 16 மி.மீ. மிச்சத்தோடு அவற்றின்மேல் ஏறினால் ஒவ்வொரு முறையும் வானின் உடலில் இடி விழும். அரைத் தொன் ஏற்றும் வானை 40 மி.மீ. தாழ்த்தக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

வெறும் வானின் பின்புறம் சற்று உயர்ந்து நிற்பதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். சாமான் ஏறியதும் மட்டமாக வரவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வெறுமையாக மட்டமாக்கிய வான் சுமையோடு மூக்கைத் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.

இனி ஷொக். பழைய ஷொக் ஏன் ஆகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் உள்ளவை.

முதலாவது மேல்நோக்கியது. வான் தாழ்ந்ததும் ஷொக்கின் பிஸ்டன் குழாயின் அடிப்பகுதியில் வேலை செய்யத் தொடங்கும். பம்ப் ஸ்டொப் பிடிக்கும் முன்னரே பிஸ்டன் அடி வால்வில் மோதினால் அந்த ஷொக் சில மாதங்களில் போய்விடும். எண்ணெய் கசிவதற்கு முன்பே உள்ளே உடைந்திருக்கும்.

இரண்டாவது கீழ்நோக்கியது. இதைத்தான் அநேகர் யோசிப்பதில்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பழைய ஷொக் முழுவதும் நீண்டால் சக்கரம் 80 மி.மீ. கீழே தொங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் 98 மி.மீ. அமுங்கியிருந்ததால், தொங்கும்போதும் 18 மி.மீ. இறுக்கம் மிஞ்சியது. முப்பது வீதம் விறைப்பான, 40 மி.மீ. தாழ்ந்த ஸ்பிரிங்கில் அமுக்கம் 75 மி.மீ. மட்டுமே. ஆனால் தொங்கும் தூரம் 80உடன் 40 சேர்ந்து 120 ஆகிவிடுகிறது. ஆக ஸ்பிரிங் 45 மி.மீ. தளர்ந்து, தன் இருக்கையை விட்டு விலகி நிற்கும். ஜக்கில் தூக்கும்போதும் வேகத்தடையில் சக்கரம் தொங்கும்போதும் அது இடம் மாறும். திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். 15 மி.மீ. இறுக்கமாவது மிஞ்ச வேண்டுமானால், சக்கரத்தில் அளந்தபடி 60 மி.மீ. குறைவாக நீளும் ஷொக் வேண்டும். ஸ்பிரிங்கோடு பொருந்தும் ஷொக் என்று சொல்வதில் இந்த நீளம் பாதி.

மறு பாதி அதன் தடுப்பு விசை. தேவையான தடுப்பு ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. முப்பது வீதம் விறைப்பு கூடினால் தடுப்பு ஏறத்தாழ 14 வீதம் கூட வேண்டும். பழைய ஷொக், அதுவும் 80,000 மைல் ஓடியது, இதைத் தராது. வான் மேடு தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டிருக்கும். அதற்காக மிகக் கடினமான ஷொக் வாங்குவதும் பிழை. வெறும் வானின் பின்சக்கரம் வீதியை விட்டுத் துள்ளும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பில்ஸ்டைன் நிறுவனத்தின் வரிசையில் பி6 சாதாரண உயரத்துக்கும், பி8 தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகக் குறுக்கியும் செய்யப்படுகின்றன. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் கேட்க வேண்டியது இதுதான்: முழுதும் நீண்ட நீளம் எவ்வளவு, முழுதும் அமுங்கிய நீளம் எவ்வளவு? பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

சில கராஜ்களில் இன்னமும் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். ஆறு வேலை செய்யும் சுற்றுகள் உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 வீதம் கூடும்; அதை யாரும் கணக்கிட்டுச் செய்வதில்லை. காஸ் சுடரால் வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அங்கேதான் உடையும். வெட்டிய முனை தட்டையாக இல்லாததால் இருக்கையிலும் சரியாக உட்காராது. எம்.ஓ.டி. (வாகனத்தின் ஆண்டுப் பரிசோதனை) பரிசோதகர் கண்டால் வானைத் தோல்வியடையச் செய்வார், அது சரியானதே.

தனியாகச் செய்விக்கிற ஸ்பிரிங் யாருக்குத் தேவை? வானை உள்ளேயே சமைத்துத் தூங்கும் கேம்பராக மாற்றியவர்களுக்கு முக்கியமாக. அலுமாரி, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பட்டரி எல்லாம் எப்போதும் வானிலேயே இருக்கும் எடை. இங்குள்ள வான்களில் சறுக்குக் கதவு இடப்பக்கம் என்பதால் சமையல் அலுமாரி வழக்கமாக வலப்பக்கம், சாரதியின் பக்கம், வரும். வான் அந்தப் பக்கம் சாயும். ஆகவே உள்வேலை முடிந்த பிறகே ஸ்பிரிங்குக்கு ஓடர் கொடுங்கள். பொது எடைமேடையில் முன்அச்சு, பின்அச்சு எடைகளைத் தனித்தனியே எடுங்கள். முடிந்தால் நான்கு மூலைகளையும். ஸ்பிரிங் செய்கிறவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவை: வெறும் எடையும் முழுச் சுமை எடையும், சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இப்போதுள்ள உயரம், வேண்டிய உயரம், மேல் கீழ் இருக்கைகளின் உள்விட்டம், பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிப்பு, சுற்று எண்ணிக்கை. கம்பியின் தடிப்பை வேர்னியரால் அளங்கள். விறைப்பு தடிப்பின் நான்காம் அடுக்கோடு மாறுவதால் 13 மி.மீ. என்பதை 13.5 என்று எழுதினால் ஏறத்தாழ 16 வீதம் பிழைக்கும். சிலிக்கன் குரோம் எஃகில் சுற்றி, சிறு இரும்பு மணிகளை வீசி மேற்பரப்பை இறுக்கி, முழுவதும் அமுக்கிப் பதப்படுத்தித் தருகிறாரா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் ஸ்பிரிங் ஓடத் தொடங்கிய பின் தானே 10, 15 மி.மீ. இறங்கிவிடும்.

பூட்டும் வேலையில் அதிகம் பிழைக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். தொடங்கும் முன் மட்டமான தரையில், டயர்க் காற்றைச் சரியாக்கி, நான்கு மூலை உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன் ஸ்டரட்டைக் கழற்றும்போது ஏ.பி.எஸ். வயரையும் பிரேக் குழாயையும் தாங்கியிலிருந்து விடுவியுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கையும் ஹப்பும் (சக்கர மையமும்) அந்தக் குழாயில் தொங்கவே கூடாது. ஸ்பிரிங் கம்பிரசரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து சுழலும்வரை மேல் நட்டைத் தொட வேண்டாம். ஆளைக் கொல்லக்கூடிய விசை அதில் இருக்கிறது. ஸ்டரட் வெளியே இருக்கும்போதே மேல் மவுண்டையும் பெயரிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும்.

பம்ப் ஸ்டொப்பைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். இந்த வானின் பின் பம்ப் ஸ்டொப் ஒரு துணை ஸ்பிரிங்காகவும் வேலை செய்கிறது. செட்டோடு குட்டையானது வந்தால் அதைப் போடுங்கள். பழையதை வெட்டச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முன் அன்ரி-ரோல் பார் (வளைவில் வான் சாய்வதைக் குறைக்கும் கம்பி) தாழ்ந்த வானில், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை உரசும் வாய்ப்பு உண்டு. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தை முழு ஓட்டத்துக்கும் மேலே தூக்கி இடைவெளியைப் பாருங்கள். போதாவிட்டால், அந்தக் கம்பியின் முனையை இணைக்கும் ட்ரொப் லிங்க் நீளம் மாற்றக்கூடியதாக வேண்டும்.

கழற்றிய போல்ட்டுகளில் பல, குறித்த டோர்க் (திருகு விசை) கொடுத்து, அதன்மேல் குறித்த பாகையும் திருப்பி இறுக்குபவை. அவை ஒருமுறைதான், புதிது வாங்குங்கள். சக்கரக் கையின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை வான் ஜக்கில் தொங்கும்போது இறுதியாக இறுக்காதீர்கள். சக்கரங்கள் எடை தாங்கி, வான் புதிய உயரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகியே நின்று கிழியும். உயரமும் பொய்யாகக் காட்டும். நீங்கள் கழற்றாத பின்கைப் புஷ் போல்ட்டையும் ஒருமுறை தளர்த்தி இதே முறையில் இறுக்குவது நல்லது. சக்கர போல்ட் 180 நியூட்டன் மீட்டர். 50 மைல் ஓடிய பின் திரும்பப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்று வீல் எலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்யுங்கள், இருநூறு முந்நூறு மைலில் ஸ்பிரிங் படிந்த பிறகு மீண்டும் செய்யுங்கள். பின்சக்கரங்கள் தாழ்ந்ததும் மேல்பக்கம் உள்ளே சாயும். மிகத் தாழ்த்தினால் சரிசெய்யும் எல்லை முடிந்து, டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல் இருக்கும். ஹெட்லைட் கோணமும் எம்.ஓ.டி.யில் பார்க்கப்படுகிறது. தானாக மட்டம் பார்க்கும் லைட் உள்ள வானில், சஸ்பென்ஷனோடு பூட்டிய உயர சென்சருக்கு கணினியில் புது ஆரம்ப நிலை பதிய வேண்டும். முன்னால் ராடார் உள்ளவற்றுக்கு அதன் கோணமும் சரிபார்க்கப்பட வேண்டும்.

சாமான் வானாகப் பதிவான டி32, 3 தொன்னுக்கு மேற்பட்டதால் எம்.ஓ.டி.யில் ஏழாம் வகுப்பு. டி30 நான்காம் வகுப்பு. தாழ்த்துவதால் இந்த எடை மாறாது, ஏற்றக்கூடிய சுமை சட்டப்படி கூடவும் மாட்டாது குறையவும் மாட்டாது. ஆனால் ஆபத்தான நிலையில் வாகனம் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவின் கீழ் குற்றம். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கான பதிலை வைத்திருங்கள். அறிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு வழி உண்டு.

இதைப் பிரசுரிக்க இடம் போதாவிட்டால், ஷொக்கின் நீளம் பற்றிய பகுதியையாவது அதே வாகனப் பக்கத்தில் திருத்தமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கராஜ் தொழில்நுட்பர் ஒருவர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்