முட்டுவலி முகாம் நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் ஊர் ஊராக இலவச மூட்டு மருத்துவ முகாம் வைக்கும் இளைஞர் மன்றத்து அண்ணன்மாருக்கும், ஆலயக் குழுவினருக்கும், மகளிர் குழு அக்காமாருக்கும்,

வணக்கம். திட்டுவதற்காக எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தல் போட்டு, நாற்காலி இரவல் வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் சாயா கொடுத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஊருக்காகச் செலவழிக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லைதான். ஆனால் போன வருடம் எங்கள் ஊர் முகாமுக்குப் போய்விட்டு வந்த என் அம்மா, அடுத்த மூன்று மாதம் வீட்டு நடையை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அம்மாவுக்கு 61 வயது. கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் 27 வருடம் அண்டி தல்லினாள். முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்கிற வேலை. ஓட்டின் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும் என்று சாம்பல் பூசிக்கொண்டு, தரையோடு தரையாக ஒரு துண்டுப் பலகையில் காலை மடக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை. முட்டுவலி வந்ததை எங்களிடம் அவள் சொல்லவே இல்லை. பூசையில் எல்லாரும் முட்டுக்குத்தி நிற்கும்போது அவள் மட்டும் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பதைப் பார்த்துத்தான் நான் கேட்டேன்.

முகாமில் நடந்தது இவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். "முழுக்கத் தேஞ்சு போச்சு, எலும்பும் எலும்பும் உரசுது" என்றார். அடுத்த ஆள். மொத்தம் இரண்டு நிமிடம். வெளியே மேசை போட்டு இருந்த தனியார் மருத்துவமனைப் பிள்ளை ஒரு சீட்டைக் கையில் கொடுத்தது: மூன்று ஊசி, முகாமில் வந்தவர்களுக்குச் சலுகை விலை. அம்மாவின் முட்டியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை அவள் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

"உரசுது" என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவளை வீட்டில் உட்கார்த்தி வைத்தது. நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்துவிட்டாள். கிணற்றடிக்குப் போகவில்லை, சந்தைக்குப் போகவில்லை. தொடைச் சதை வற்றியது, உடம்பு கனத்தது, வலி கூடியது. ஊசிக்காக, மாதச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்தோம். அந்தக் கணக்கை நான் இங்கே எழுதவில்லை, அம்மாவுக்கு அது பிடிக்காது.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன், இரண்டு மூன்று டாக்டர்களிடமும் கேட்டேன். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, அதனால் அது தேய்வது மட்டும் நேராக வலியாகிவிடாது. அடியிலிருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு, வலுவிழந்த சதை எல்லாம் சேர்ந்துதான் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதும் இல்லை, நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்து ஊகிப்பதுதான். படம் மோசமாக இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், படம் சுத்தமாக இருந்தும் ராத்திரி தூங்காதவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை. மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு, அந்த நீர் உள்ளே போய்வர மூட்டு அசைய வேண்டும். அப்படியென்றால் அம்மாவை மூன்று மாதம் உட்கார வைத்தது என்ன வைத்தியம்?

ஊசிக்கு வருகிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், நீர் கட்டி வீங்கியிருக்கும்போது உதவவும் செய்யும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போனால் குருத்தெலும்பு அதிகமாகக் கரைவதாக 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. சொந்த ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அம்மாவுக்குச் சொன்ன மூன்று ஊசியும் அதுதான். குழாய் விட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிற அறுவையும் தேய்மானத்துக்கு உதவாது என்று 2002-லேயே அமெரிக்காவில் 180 பேரை வைத்துக் காட்டிவிட்டார்கள், அதில் பாதிக்கும் குறைவானோருக்கு வெறும் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள், அவர்களும் மற்றவர்களைப் போலவேதான் இருந்தார்கள்.

தைலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கொட்டஞ்சுக்காதி தேய்த்து வெந்நீர் ஒற்றினால் அம்மாவுக்குச் சுகமாக இருக்கிறது, இருக்கட்டும். பேர் எழுதாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியையும் மாத்திரையையும்தான் தொடாதீர்கள் என்று முகாமில் சொல்ல வேண்டும், அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கித் தினமும் விழுங்குகிற வலி மாத்திரையும் அப்படித்தான், வயிற்றுப் புண், கிட்னி, பிரஷர் மூன்றுக்கும் கேடு. டைக்ளோஃபினாக் ஜெல்லை முட்டியில் தடவினால் வயிற்றுக்கு அந்தப் பயம் குறைவு.

சரி, அம்மா எப்படி நடை இறங்கினாள்? ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்தாள். எக்ஸ்ரே கவரைத் திறக்கவில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று கேட்டாள். அம்மாவை அதில் உட்கார வைத்து, ஒரு காலை நேராக நீட்டச் சொன்னாள், பாத விரல் கூரையைப் பார்த்திருக்க வேண்டும், அப்படியே ஐந்து எண்ண வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். பத்து தடவை. அப்புறம் மற்ற கால். அம்மாவுக்கு எண்ணுவது மறந்து மறந்து போனது, அதனால் எண்ணிக்கைக்குப் பதில் "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்று சொல்லி முடிக்கும்வரை காலை நீட்டிப் பிடித்தாள். அது ஏறக்குறைய ஐந்து செகண்டுதான், நான் போனில் பார்த்தேன். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதல் நாள் மூன்று தடவைக்கு மேல் முடியவில்லை. எட்டாவது வாரம் கருங்கல் சந்தைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். வலி முழுக்கப் போகவில்லை, படி இறங்கும்போது இன்னும் முகம் சுளிக்கிறாள்.

எடையும் ஒன்று. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று அளந்திருக்கிறார்கள். மரச்சீனியும் மீன் குழம்பும் விடச் சொல்லி யாரும் மேடையேற வேண்டாம், நடக்காது. அளவைக் குறைக்கச் சொல்லலாம்.

அறுவை கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இவ்வளவும் செய்தும் ராத்திரி வலி விடவில்லை, கக்கூசுக்குப் போய்வரக்கூட முடியவில்லை என்றால் மூட்டு மாற்று நல்ல வைத்தியம். நூறில் ஏறக்குறைய 80 பேருக்கு 25 வருடம் உழைக்கிறது. அதற்காக வீட்டை விற்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த அறுவை இருக்கிறது, குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்கலாம். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது, அதிகம் போடுகிற வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் மூட்டுக்கு மட்டும் பில் காட்டினால் ஏன் என்று கேட்கிற துணிச்சல் நம் ஆட்களுக்கு வர வேண்டும்.

இனி என் வேண்டுகோள். அடுத்த முகாமில் எக்ஸ்ரே வண்டிக்கு முன்னால் கைப்பிடி இல்லாத நாற்காலி பத்து போடுங்கள், ஒரு பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுக்க வேண்டும், அதை மைக்கில் சொல்லுங்கள். முட்டு சூடாகிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால், விழுந்த பிறகு காலூன்ற முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலும் முட்டும் விறைத்துக் கிடந்தால் அது வேறு வாதமாக இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். இதையும் சொல்லுங்கள். தேய்மானம் என்ற சொல்லைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நடக்கலாம் என்பதையும் கூடவே சொல்லச் சொல்லுங்கள். வெளியே சலுகைச் சீட்டு கொடுக்கும் மேசையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், பந்தல் செலவுக்குப் பணம் குறைந்தால் நாங்கள் பிரித்துத் தருகிறோம்.

நாற்காலியில் காலை நீட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முன்வரிசையில் போடுங்கள், பின்வரிசையில் இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மகள்