ரெண்டு மார்க் கேள்வி

கண்ணா,

நேத்து போன்ல "சாப்டியாம்மா, குளிருதா"ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள மீட்டிங்னு வச்சிட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன். குளிருதுதான். அக்டோபர்லயே ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர்.

எனக்கு குடுத்த ரூம் கதவுல வேற ஒருத்தர் பேரு, அவர் ஒரு வருஷ லீவுல போயிருக்கார், அவர் சேர்ல உக்காந்து அவர் வளத்த செடிக்கு தண்ணி ஊத்திட்டிருக்கேன். விசிட்டிங் புரொபசர்னா இதான்டா.

கிளாஸ்ல மொத்தமே 14 பேரு. ஜியாலஜிக்குன்னு வந்தது ரெண்டுதான், மத்ததெல்லாம் டான்ஸ், சரித்திரம், எக்கனாமிக்ஸ், ஒரு பொண்ணு வயலின். சயின்ஸ்லயும் ஒண்ணு எடுத்தாகணும்னு வந்து மாட்டினதுங்க.

இந்த மாசச்சூசெட்ஸ் பள்ளத்தாக்கு ஒரு காலத்துல ஏரிடா, ஹிட்ச்காக் ஏரின்னு பேரு. பனியுகம் முடியறப்ப ஐஸ் உருகின தண்ணி, தெக்க ராக்கி ஹில் கிட்ட மண்ணும் சரளையும் அணை மாதிரி அடைச்சுக்கிட்டதால வெர்மான்ட் வரைக்கும் 300 கிலோமீட்டர் போல நீண்டு கெடந்திருக்கு. கோடையில வண்டல் வந்து படியும், குளிர்காலத்துல மேல ஐஸ் மூடி தண்ணி அசையாம நிக்கும்போது மாவு மாதிரி களிமண்ணு மெதுவா எறங்கும், ஆக வெளுப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு சேந்தா ஒரு வருஷம். வார்வ்னு சொல்லுவாங்க. 28 வருஷமா இத போர்டுல எழுதிப்போட்டு ரெண்டு மார்க் கேள்வியா கேட்டிருக்கேன், கண்ணால பாத்ததில்ல, நம்ம ஊர்ல எங்க இருக்கு.

போன வாரம் கனெக்டிகட் ஆத்தங்கரைக்கு எல்லாரையும் கூட்டிட்டு போனேன். "நானும் இன்னிக்குத்தான் மொத தடவ பாக்கறேன்"னு சொல்லிட்டேன், பொய் சொல்ல வரல. சமையல் கத்தியால கரைய சீவினா சும்மா கோடு போட்ட நோட்டு மாதிரி வருது. தொட்டா ஜில்லுனு. ஒரு குரூப் 34 எண்ணிச்சு, அதே எடத்துல இன்னொண்ணு 37, சண்ட. அப்ப அந்த வயலின் பொண்ணு, "பெரிய மழ பேஞ்சாலும் ஒரு வண்டல் படியுமே, அதையும் வருஷம்னு எண்ணிட்டா?"ன்னா. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அப்புறம் ஒவ்வொண்ணா விரலால தடவிப் பாத்தோம், மூணு வண்டல் அடுக்குல மட்டும் மேல அந்த வழவழ களிமண்ணே இல்ல. களிமண்ணு எறங்க மாசக்கணக்குல தண்ணி சும்மா நிக்கணும், ஒரு மழைக்கு அது நடக்காது. 34தான் சரி!

ஆண்டெவ்ஸ்னு ஒரு ஸ்வீடன்காரர் இப்படியே கரை கரையா போய், ஒவ்வொரு அடுக்கோட தடிமனையும் பேப்பர் பட்டையில குறிச்சு, ஒரு கரையோட பட்டைய அடுத்த கரையோடதுல பொருத்திப் பாத்து கிட்டத்தட்ட 4,000 வருஷம் எண்ணி 1922ல புக்கே போட்டார். அந்த பேரையும் நான் மனப்பாடம்தான் பண்ண வச்சிருக்கேன்.

சரி, ஒரு வேல. டிசம்பர்ல வரும்போது பல்லாவரம் பக்கம் ஒடஞ்சு கெடக்கற சார்னகைட் கல்லுல கைப்பிடி அளவு ஒண்ணு எடுத்துட்டு வா. இங்க இருக்க ஹோலியோக் மலை 20 கோடி வருஷம், எங்க ஊர் கல்லு 250 கோடின்னு பீத்திட்டு வந்திருக்கேன், எப்படி தெரியும்னு இந்த பசங்க கேக்காம விடாதுங்க. மண்ணு ஒட்டாம நல்லா கழுவிடு, கஸ்டம்ஸ்ல புடிப்பான். அம்மியும் அதே கல்லுதான், அத தூக்கிட்டு வந்துடாத.

அம்மா