திருவனந்தபுரம்–சார்ஜா விமானப் பயண நேரத்தை உங்கள் செயலி தவறாகக் காட்டுவது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கடந்த ஜனவரியில் என் அம்மாவுக்கு உங்கள் செயலி வழியாகத் திருவனந்தபுரத்திலிருந்து சார்ஜாவுக்கு டிக்கெட் எடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை நம்பி யாரும் கிளம்ப முடியாது. விடிவதற்கு முன்பே காரில் ஏறிவிட்டோம்.

செயலியில் இருந்தது இது: புறப்பாடு காலை 10.00, வருகை பகல் 12.40, பயண நேரம் 2 மணி 40 நிமிடம். அம்மாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு, விமானம் ஏறுவது முதல் தடவை. சாப்பாடு வேண்டுமா என்று செயலி கேட்டபோது, இந்த நேரத்துக்கு எதற்கு என்று வேண்டாம் என்றே அழுத்தினேன். "இறங்கினதும் தம்பி வீட்டுல சோறு சாப்பிடலாம்மா" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். காலையில் மாத்திரையும் இரண்டு இட்லியும் சாப்பிட்டதோடு சரி.

நம்மூர்க் கணக்கில் மணி ஒன்றாகியும் அம்மா கடலுக்கு மேலேதான் இருந்தார். கை நடுங்கி, உடம்பு வியர்த்துவிட்டது. விமானத்தில் ஏதாவது வாங்கலாம் என்றால் கையில் கார்டும் இல்லை, திர்ஹமும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஆற்றிங்கல்காரப் பெண், பிள்ளைகளுக்குக் கொண்டுபோன சர்க்கரை வரட்டி (வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவல்) பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததால் தப்பித்தோம். அவருக்குச் சொல்லும் நன்றியில் பாதி உங்கள் கணக்கில் சேர வேண்டியது.

12.40 என்பது சார்ஜா நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதைச் சேர்க்காமல் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணியைக் கழித்து வைத்திருக்கிறீர்கள். உண்மையான பயணம் 4 மணி 10 நிமிடம். தொலைபேசியில் கேட்டால், "வருகை நேரம் சரியாகத்தானே சார் இருக்கு?" என்கிறார்கள். இருக்கிறது, நான் கேட்டது பயண நேரத்தை.

அதே பக்கத்தில் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதை நீங்கள் காட்டும் 2 மணி 40 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 1,080 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பயணிகள் ஜெட் விமானம் போவது 800 முதல் 900 வரை. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு விமானம் 2003-லேயே நின்றுவிட்டது. உங்கள் செயலியில் மட்டும் இன்னும் பறக்கிறது போலும்.

திரும்பி வரும் டிக்கெட்டில் கூத்து தலைகீழ். பகல் 1.30-க்குப் புறப்பட்டு மாலை 6.45-க்கு வருவதை 5 மணி 15 நிமிடம் என்று காட்டுகிறது. உண்மையில் அது 3 மணி 45 நிமிடம். குளிர்காலத்தில் வடக்கே வானின் மேலடுக்கில் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்று, அங்கிருந்து வரும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். அதனால் சீக்கிரம் முடியும் பயணத்தைத்தான் நீங்கள் ஒன்றரை மணி நேரம் கூட்டிக் காட்டுகிறீர்கள்.

இரு ஊர்களின் நேர வித்தியாசத்தைச் சேர்த்துப் பயண நேரத்தைத் திருத்துங்கள். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் "உள்ளூர் நேரம்" என்று போடுங்கள். என்னிடம் வாங்கிய சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளையும் டிக்கெட் நகலையும் இணைத்திருக்கிறேன். அம்மா மார்ச் மாதம் திரும்புகிறார்; பதில் அதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். இந்தத் தடவை சாப்பாட்டுக்குச் சேர்த்தே பணம் கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
களியக்காவிளை வாடிக்கையாளர்