முதல் இரண்டு வாரத்தை எங்களுக்குக் கொடுங்கள்: தமிழ் விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கல்லூரிகளில், பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் தமிழ் விரிவுரையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா, அம்மா, நான் பினாங்கில் இறுதியாண்டு படிக்கும் மாணவி. நீண்ட விடுமுறை முடிந்து சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில் பெட்டியும் தலையணையுமாக வந்து இறங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பருவத்தின் முதல் இரண்டு வாரத்தை, எங்களை மறுபடியும் படிப்புக்குள் கொண்டுவருவதற்காக ஒதுக்குங்கள். துறைக் கூட்டத்தில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை, அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் பலரும் "விடுமுறையில் நல்லா ஓய்வெடுத்தீங்களா?" என்று அன்போடுதான் கேட்கிறீர்கள். ஆனால் என்னோடு படிக்கிறவர்களில் பலருக்கு அது ஓய்வுக் காலமே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவு ஏழுக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவார்கள். சிலர் பேரங்காடியில், சிலர் நாசி கண்டார் கடையில், சிலர் தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் பக்கம் வீட்டிலேயே இருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு அப்பாவுக்கு உதவியாக இருப்பார்கள். அந்த உழைப்பில் வந்த பணம்தான் அடுத்த பருவத்தின் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும், கல்விக் கடன் கைக்கு வரும்வரை வேறு வழி இல்லை. இப்படி இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு விடுதிக்கு வந்து சேர்ந்து திங்கள் காலை எட்டு மணிக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எட்டு மணி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி, சபா சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். நாடு முழுக்க ஒரே நேரம் வந்தது, நல்லதுதான். ஆனால் பினாங்கு நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒரு மணி தாண்டித்தான். பிப்ரவரி, மார்ச்சில் பருவம் தொடங்கினால் விடிவதற்கே ஏழரை மணியை நெருங்கிவிடும். அப்படியென்றால் எட்டு மணி வகுப்புக்காக ஆறரைக்கு எழுகிற பிள்ளை இருட்டில்தான் எழுந்து, இருட்டில்தான் குளித்து, பல் துலக்கிக் கிளம்புகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்வது முக்கியமாகக் காலை வெளிச்சம். அதுவும் ஒரே நாளில் திருப்பி வைத்துவிடாது, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். இரண்டு மாதம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலை எட்டுக்குப் படுத்துப் பழகியவனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவன் வகுப்பில் கண் சொருகினால் அது சோம்பலும் இல்லை, உங்கள் பாடத்தின் மேல் அலட்சியமும் இல்லை.

எட்டு மணி வகுப்பையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அறைகளும் நேரமும் எவ்வளவு நெருக்கடி என்று தெரியும். முதல் இரண்டு வாரத்துக்காவது கடினமான பகுதியைப் பத்து மணிக்குப் பிந்திய வகுப்புக்குத் தள்ளி வையுங்கள், அது போதும்.

அப்புறம் மறதி. போன பருவத்தில் நன்றாகச் செய்தவர்கள்கூடத் திரும்பி வந்ததும் அடிப்படைக் கேள்விக்கு முழிப்பதைப் பார்த்து உங்களில் சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டது இது: படித்ததில் பெரும்பகுதி முதலில் வேகமாகப் போய்விடும், பிறகு மெதுவாகக் குறையும், ஆனால் மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியம். எங்களிடம் அது முழுக்கக் காணாமல் போகவில்லை, கொஞ்சம் கிளறிவிட்டால் சீக்கிரமே வந்துவிடும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் செய்த ஆய்வில், மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆகவே முதல் வகுப்பில் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். போன பருவத்தில் இந்தப் பாடத்துக்குத் தேவையானதில் என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைப் பதினைந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம், பெயரும் வேண்டாம். வாங்கிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இப்போது பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் வாரம் பாடத்திட்டத்தைத் திரையில் காட்டிவிட்டு இருபது நிமிடத்தில் விட்டுவிடுகிறீர்கள், இரண்டாம் வாரம் நான்காவது கியரில் பாடம் ஓடுகிறது, மூன்றாம் வாரம் புள்ளியில் சேரும் சோதனை. இடையில் பாடப்பதிவு மாறும், அட்டவணை மாறும், வகுப்பு அறை மாறும், அதெல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இரவு பதினோரு மணிக்கு வரும், அந்தக் குழுவில் இன்னும் சேர்க்கப்படாதவன் காலையில் பூட்டிய அறை வாசலில் நிற்பான். அன்றைக்கு வருகைப் பதிவிலும் அவனுக்கு அடி. பல இடங்களில் 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் தீபாவளியும் முதல் சில வாரத்துக்குள் வந்துவிடுகிறது, 2025இல் அது அக்டோபர் 20. தயவு செய்து தீபாவளிக்கு முதல் நாள் மாற்று வகுப்பு வைக்க வேண்டாம் என்று துறையில் சொல்லுங்கள். மற்ற இன நண்பர்களுக்கு அது சாதாரண வேலை நாள், நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் அவர்களுக்கும் தெரியும்.

திரும்பி வராதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அதோடு ஓவர்டைம் சேர்த்து, இருபது வயதில் முதல்முறையாக அவ்வளவு பணத்தைக் கையில் பார்க்கிறவன், அதில் வீட்டுக் கடனில் ஒரு மாதத் தவணையைக் கட்டி அம்மா முகத்தில் நிம்மதியைப் பார்க்கிறவன், படிப்பை விட்டுவிட நினைப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவன் முதல் வாரம் வருவான். இரண்டாம் வாரம் ஒரு நாள் வருவான். மூன்றாம் வாரச் சோதனையில் பூஜ்யம் வந்ததும், "நமக்கு இது சரிப்படாது" என்று மேற்பார்வையாளரிடம் பழைய வேலையையே கேட்கப் போய்விடுவான். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளை என்றால், போகாதே என்று தடுத்துச் சொல்லக்கூட வீட்டில் ஆள் இருக்காது.

அவனுக்கு ஒரு போன் செய்யுங்கள். எச்சரிக்கைக் கடிதம் பதினான்கு வாரப் பருவத்தின் நடுவில்தான் வரும், அதற்குள் அவன் மனதளவில் போயிருப்பான். இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியலைப் பார்த்து, வராதவர்களை நீங்களோ வகுப்புத் தலைவரோ கூப்பிட்டு, "ஏம்பா வரலை, என்ன பிரச்சினை?" என்று தமிழில் கேட்டாலே பாதிப் பேர் வாய் திறப்பார்கள். பணம்தான் பிரச்சினை என்றால் மாணவர் நலப் பிரிவுக்குக் கையோடு கூட்டிப் போங்கள், தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்கள்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையைத் துறையில் பேசும்போது, மாணவர் ஒருவரையும் கூட்டத்துக்கு அழைக்கும்படி கேளுங்கள். மேலே எழுதியதையெல்லாம் அங்கே வந்து சொல்ல நான் தயார்.

அன்புடன்,
இறுதியாண்டு மாணவி, பினாங்கு