எஃப்3 விசைக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தின் கோப்பு மேலாளரான நாட்டிலஸை வடிவமைத்துப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நாட்டிலஸின் ஒரே சாளரத்தை இரண்டு பலகங்களாகப் பிரித்துக் காட்டும் வசதி 2010-இல், 2.30 பதிப்பில் வந்தது. 2012 செப்டம்பரில் வெளியான 3.6 பதிப்பில் நீக்கப்பட்டது. எஃப்3 விசையை அழுத்தினால் திறந்துகொண்ட அந்த இரண்டாம் பலகத்தை மீண்டும் சேர்க்குமாறு வேண்டியே இம்மடலை எழுதுகிறேன். இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டால் அதே வேலை நடந்துவிடுமே என்று இந்தக் கோரிக்கைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்கேன் செய்த பழைய இதழ்ப் பக்கங்கள் சில நூறு ஒரு கோப்புறையில் கிடக்க, அவற்றில் தெளிவாக வந்தவற்றை மட்டும் பொறுக்கி, ஏற்கெனவே பாதி நிரம்பிய வேறொரு கோப்புறையில் விடுபட்ட எண்களைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே இரு கோப்புறைகளையும் ஒருசேரப் பார்த்தபடிதான் வேலை செய்ய முடியும். ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களில், பின்னால் இருப்பதைச் சொடுக்கியதும் அது முன்னால் வந்து, கோப்பை எங்கே போட வேண்டுமோ அந்த இடத்தையே மறைத்துவிடுகிறது. கோப்பை நகர்த்துவதற்கு முன் சாளரத்தை நகர்த்த வேண்டியிருக்கிறது.

சாளரங்களைத் திரையின் இரு ஓரங்களில் ஒட்டவைத்தால் இத்தொல்லை தீரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முழுத் திரையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவே உலாவிக்குப் போய்ப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு ஆல்ட்-டேப் அழுத்தித் திரும்பினால், இரண்டு சாளரங்களும் சேர்ந்தே முன்னால் வரும் என்பதற்கும் உறுதியில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 1986-இல் ஜான் சோகா எழுதிய நார்ட்டன் கமாண்டர் என்ற இருபலகக் கோப்பு மேலாளரில் எஃப்5 அழுத்தினால் நகலெடுக்கும், எஃப்6 அழுத்தினால் இடம் மாற்றும். எங்கே என்பதைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, எதிர்ப் பலகம்தான் இயல்பான சேரிடம். அதே பாணியில் வந்த மிட்நைட் கமாண்டரும் டோட்டல் கமாண்டரும் இன்றுவரை பிழைத்திருப்பது இந்த ஒரு கருத்தின் பலத்தில்தான் என்பேன். நாட்டிலஸிலும் அன்று 'மற்றப் பலகத்துக்கு நகலெடு' என்ற கட்டளை இருந்தது. அருகருகே நிற்கும் இரு தனிச் சாளரங்களுக்கோ ஒன்றையொன்று தெரியாது. அவற்றுக்கு இடையே 'இங்கிருந்து, அங்கே' என்ற உறவை, சாளரங்களைத் திரையில் அடுக்கும் நிரலான சாளர மேலாளரால் உண்டாக்கித் தர முடியாது.

படியும் சாளரங்களை நான் பழிக்கவில்லை. 1985-இல் வந்த முதல் விண்டோஸ் சாளரங்களை அருகருகே அடுக்க மட்டுமே அனுமதித்தது. 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டது, அது நல்லதாகவே முடிந்தது. அடுக்கிய சாளரங்களையும் படியும் சாளரங்களையும் ஒப்பிட்டு 1986-இல் சாரா பிளையும் ஜாரெட் ரோசன்பர்க்கும் வெளியிட்ட ஆய்விலும், எது விரைவு என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தே அமைந்தது. எடிட்டர், உலாவி, அரட்டை என்று வெவ்வேறு செயலிகள் கலந்து கிடக்கும் மேசைக்குப் படியும் சாளரங்களே ஏற்றவை. ஒரே செயலிக்குள் இரு கோப்புறைகளுக்கிடையே நடக்கும் போக்குவரத்து வேறு வகை வேலை. டேப்கள் இதற்கு உதவா. ஒன்றைக் காட்டும்போது மற்றதை மறைப்பதுதான் அவற்றின் இயல்பே.

கூடுதல் வசதி ஒவ்வொன்றும் பராமரிப்பவரின் நேரத்தைத் தின்னும் என்பதை அறிவேன். ஆனாலும் கேடிஇ என்ற மற்றொரு மேசைத்தளத்தின் கோப்பு மேலாளரான டால்பினும், 2012-இல் லினக்ஸ் மின்ட் குழு உங்கள் நிரலிலிருந்தே பிரித்தெடுத்த நெமோவும் இவ்வசதியை இன்றும் அதே எஃப்3 விசையில் வைத்திருக்கின்றன. இடைமுகத்தை வரையும் நிரலகமான ஜிடிகே-யின் 4-ஆம் பதிப்புக்கு மாறியபோது விடுபட்ட, கோப்புறையை அதே பட்டியலுக்குள் விரித்துக் காட்டும் கிளைவிரிப் பட்டியலை க்னோம் 44-இல் நீங்களே திரும்பக் கொண்டுவந்தீர்கள்.

எனவே இரண்டாம் பலகம் இயல்புநிலையில் மூடியே இருக்கட்டும். கருவிப்பட்டையில் அதற்கென ஒரு பொத்தான்கூட வேண்டாம். சாளரம் குறுகினால் அது தானாக மறைந்துகொள்ளட்டும். எஃப்3-இல் அது திறக்கவும், திறந்திருக்கும்போது மட்டும் வலச்சொடுக்குப் பட்டியலில் 'மற்றப் பலகத்துக்கு நகலெடு', 'மற்றப் பலகத்துக்கு இடம் மாற்று' என்ற இரண்டு வரிகள் தோன்றவும் வழிசெய்தால் போதும். நிரலை எழுத ஒருவர் முன்வந்தால் ஏற்பீர்களா என்பதையாவது தெளிவாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டிலஸின் நெடுநாள் பயனர் ஒருவர்